மணி ஆறு அடித்தது

ஸிட்னி நகரத்தில் போய் இறங்கிய மறுநாள் காலையில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகள் வீட்டிலிருந்து ரயிலடி வரைக்கும் காலாற நடந்து போனேன். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் நான்கு இடங்களில் 'ஹோட்டல்' என்று பெரிய எழுத்தில் பலகை தொங்கியது. 'அடடா, இந்த ஊரில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஒன்றில் இல்லாவிட்டாலும் இன்னொன்றில் நல்ல காப்பி கிடைத்துவிடும்' என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, அதை மகளிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, நீ பார்த்ததெல்லாம் சாப்பாட்டு ஹோட்டல் இல்லை. மதுக்கடை! இந்த ஊரில் அதற்குத்தான் ஹோட்டல் என்று பெயர்."

மது விற்க லைசென்ஸ் வேண்டுமானால் வழிப்போக்கர்கள் தங்குவதற்கு அறைகளும் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டில் முற்காலத்தில் ஒரு சட்டம் இருந்ததாம். அதனால் மதுக்கடைகளெல்லாம் ஹோட்டல்கள் ஆயின. அறைகள் போய்விட்டன. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

"ஐயோ பாவம், அம்மா பயந்துவிட்டாள்" என்று என் மகள் நினைத்திருக்கலாம். ஆனால் மதுக்கடை வாசல் எனக்குப் புதிதல்ல. நான் ஓர் ஏட்டையாவின் மகள்.

என் தகப்பனார் சேலம் ஜில்லாவில் ஒரு சிறிய ஊரின் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தார். சேலம் ஜில்லாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. 1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் தேதியன்று, ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அந்த ஜில்லாவில்தான். பிறகு மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் அது தளர்த்தப்பட்டது. ஊருக்கு ஊர் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தார்கள். 1974-க்குள் எல்லாவற்றையும் மறுபடி மூடினார்கள். அந்த இடைப்பட்ட மூன்று வருஷங்கள் என் பிள்ளைப் பிராயத்தில் நன்றாகப் பதிந்திருக்கின்றன. காரணம், அப்பா அந்த நாட்களில் ராச்சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததே கிடையாது. கடை மூடும் வேளையில் அவர் அங்கே லத்தியோடு நின்றாக வேண்டும்.

"கடை திறந்திருக்கிற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. மூடுகிற போதுதான் எல்லாத் தொல்லையும்" என்பார் அப்பா. எங்கள் போலீஸ் லைன் வீடுகளுக்குக் கேட்கும்படியாக அவருடைய குரல் வரும். "கலையுங்க, கலையுங்க! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" அந்தக் குரலைக் கேட்டபடியேதான் நான் தூங்கிப் போவேன். அதைப் பற்றி என் தாயார் ஒரு நாள் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்வியை முடிவில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஸிட்னியில் நடந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவின் அந்த வாக்கியத்தை ஒரு தேசமே ஐம்பது வருஷ காலம் சோதித்துப் பார்த்த கதை அது.

ஸிட்னியின் பெரிய ரயில் நிலையத்துக்கு சென்ட்ரல் என்று பெயர். நம் சென்னை சென்ட்ரலைப் போலவே எப்போதும் ஜனங்கள் ஓடிக்கொண்டிருக்கும் இடம். அங்கே முதலாம் பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் சலவைக்கல் சுவரில் ஒரு சிறிய பள்ளம் இருக்கிறது. சுண்டுவிரல் நுனியை அதில் வைத்துப் பார்த்தேன். அது துப்பாக்கிக் குண்டு பட்ட அடையாளம் என்றார் மாப்பிள்ளை. ஓடுகிற ஜனங்களில் ஒருவராவது அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

1916-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 14-ஆம் தேதி. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நகரத்துக்குத் தென்மேற்கே காஸுலா, லிவர்பூல் என்ற இடங்களில் புதிதாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி முகாம்கள் போட்டிருந்தார்கள். பயிற்சி நேரத்தை அதிகப்படுத்தி அன்று காலையில் ஓர் உத்தரவு வந்தது. ஏற்கெனவே முகாமின் வசதிக் குறைவுகளால் மனம் கசந்திருந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், "முடியாது" என்று சொல்லிவிட்டு ஊர்வலமாகக் கிளம்பினார்கள். வழியில் லிவர்பூல் ஊரின் ஹோட்டல்கள் இருந்தன. உள்ளே புகுந்து இருந்ததையெல்லாம் குடித்துத் தீர்த்தார்கள். காசு கொடுக்கவில்லை. பிறகு ரயில்களில் ஏறிக்கொண்டு ஸிட்னிக்கு வந்து, கடை ஜன்னல்களை உடைத்தார்கள். ஜெர்மானியப் பெயர் போலத் தோன்றிய பெயருள்ள கடைகளைக் குறிபார்த்துத் தாக்கினார்கள். இரவு சென்ட்ரல் ஸ்டேஷனில் காவல் படைக்கும் கலகக்காரர்களுக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டது. ஒரு சிப்பாய் செத்து விழுந்தான். பலருக்குக் காயம். சலவைக்கல்லில் ஒரு குண்டு பாய்ந்து நின்றது.

கலகத்துக்கு ஆதி காரணம் பயிற்சி உத்தரவு. ஆனால் ஜனங்களின் நினைவில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: குடித்துவிட்டு வெறிகொண்ட சிப்பாய்கள். இதற்காகவே காத்திருந்தது போல மது ஒழிப்பு இயக்கம் ஊக்கம் பெற்றது. "போருக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் காலத்தில் நடுநிசி வரை குடியா? இங்கிலாந்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜே 1915-ல் அரண்மனையில் மதுவை நிறுத்திவிட்டாரே!" என்று பேசினார்கள். இந்த இயக்கத்தின் உயிர்நாடி பெண்கள். கிறிஸ்தவப் பெண்களின் மது ஒழிப்புச் சங்கம் முப்பது வருஷங்களாகக் கூட்டம் போட்டும் மனுப் போட்டும் பாடுபட்டு வந்தது. அவர்கள் கேட்டதும் பெரிய வரம் ஒன்றுமில்லை. கடைகளெல்லாம் மாலை ஆறு மணிக்கு மூடுகின்றன அல்லவா? மதுக்கடையும் ஆறு மணிக்கு மூடட்டும். வேலை விட்ட கணவன் கூலியோடு நேரே வீட்டுக்கு வரட்டும். குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். இதற்கு யார் குறை சொல்ல முடியும்? அந்தக் கூட்டங்களில் நான் இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருப்பேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. பெண்களுக்கும் வாக்குரிமை இருந்தது. இரவு பதினொரு மணி வரை திறந்திருந்த கடைகளை ஆறு மணிக்கே மூட வேண்டும் என்று மிகப் பெரும்பான்மையோர் தீர்ப்புச் சொன்னார்கள். தெற்கு ஆஸ்திரேலியா முந்திய வருஷமே இப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்தது. விக்டோரியாவும் டாஸ்மேனியாவும் அதே 1916-ல் பின்தொடர்ந்தன. நியூஸிலாந்து 1917-ல் சேர்ந்துகொண்டது.

வாசகர்களே, இங்கே சற்று நின்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொழிற்சாலையும் ஆபீசும் மாலை ஐந்து மணிக்கு விடுகின்றன. கடைக்கு வந்து சேரப் பத்து நிமிஷம். ஆறு மணிக்குக் கதவு சாத்தியாக வேண்டும். மீதி ஐம்பது நிமிஷம். ஆஸ்திரேலியர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆறு பேர் சேர்ந்து குடிக்கப் போனால், ஒவ்வொருவனும் தன் முறைக்கு மற்ற ஐந்து பேருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். தன் முறை வருமுன் நழுவுகிறவன் மனிதப் பதர். ஆகவே ஆறு பேர் என்றால் தலைக்கு ஆறு கிளாஸ். ஸிட்னிக் கணக்கில் ஒரு கிளாஸ் பத்து அவுன்ஸ். முன்பு ஆற அமர, இரவு ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் பேசிப் பேசிக் குடித்ததை, இப்போது ஐம்பது நிமிஷத்தில் குடித்தாக வேண்டும். ஒன்றே முக்கால் லிட்டர் பீர், வெறும் வயிற்றில்!

சட்டம் செய்தவர்கள் குடிக்கிற நேரத்தைக் குறைத்தார்கள். குடியின் அளவு அதற்கேற்றாற்போல் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். தாகத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆறு மணிச் சட்டத்துக்கு ஏற்றபடி கடைகளின் உருவமே மாறிவிட்டது. நாற்காலியையும் மேஜையையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். நின்றுகொண்டு குடித்தால் இன்னும் அதிகம் பேருக்கு இடமிருக்கும் அல்லவா? பில்லியர்ட்ஸ் மேஜைகள் போயின. விற்பனை மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீட்டினார்கள். சில இடங்களில் ரப்பர்க் குழாயின் நுனியில் துப்பாக்கிக் குதிரை போன்ற ஒரு பிடியைப் பொருத்தி, கிளாஸ்களை வரிசையாக வைத்து, தோட்டக்காரன் பாத்திக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி பீரை விட்டுக்கொண்டே போனார்கள். சுவருக்கு இடுப்பளவு, தோளளவு பீங்கான் ஓடு பதித்தார்கள். இன்றைக்கும் பழைய கடைகளில் அந்த ஓடுகளைப் பார்க்கலாம். பச்சையும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருக்கின்றன. மாப்பிள்ளையோடு ஒரு நாள் ஒரு பழைய ஹோட்டலுக்குள் போய், எலுமிச்சை சோடா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, "இங்கே ஏன் குளியலறை மாதிரி ஓடு?" என்று கேட்டேன். கடைக்கார மனிதர் நல்ல தமாஷ் பேர்வழி. "அம்மணி, ஆறு மணிக்கு மேல் இந்த இடத்தைக் கழுவி விட வேண்டியிருந்தது" என்றார். மேற்கொண்டு அவர் விவரிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். அந்தக் காலத்தில் நான் வந்திருந்தால் என்னை அந்தக் கூடத்தில் நிற்கவே விட்டிருக்க மாட்டார்களாம். பொதுக்கூடம் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு ஒதுக்குப்புறமாக ஓர் அறை. வாழ்க்கைப்பட்ட பெண்களுக்காக ஏற்பட்ட சட்டம், அந்தப் பெண்கள் எட்டிப் பார்க்கக்கூட முடியாத ஓரிடத்தில் அமலாகிக்கொண்டிருந்தது. 1965-ல் பிரிஸ்பேன் நகரத்தில், ரெகாட்டா ஹோட்டல் என்ற கடையில், மெர்ல் தோர்ன்டன், ரோஸலி போக்னர் என்ற இரண்டு பெண்கள் உள்ளே போய்த் தங்கள் காலைச் சங்கிலியால் மேடைக் கம்பியோடு பிணைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மதுவின் மேல் அப்படி ஒரு மோகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரார் கூடும் இடத்தில் ஊரில் பாதிப் பேருக்கு இடமில்லையா என்பதே அவர்களுடைய கேள்வி.

இப்போது ஆறு மணி அடிக்கிறது. "நேரமாயிற்று, கனவான்களே!" என்று கடைக்காரர் கூவுகிறார். கடைசி ஐந்து நிமிஷத்தில் வாங்கி அடுக்கி வைத்த கிளாஸ்களைக் கனவான்கள் மளமளவென்று வாயில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். கதவு திறக்கிறது. ஒரு கடையில் மட்டுமா? நகரத்திலுள்ள அத்தனை கடைகளிலும், அதே நிமிஷத்தில், அத்தனை பேரும் தெருவில் கொட்டப்படுகிறார்கள். டிராம் வண்டிகளில் தொங்குகிறார்கள். நடைபாதையில் வாந்தி எடுக்கிறார்கள். தோளில் தோள் இடித்ததற்குச் சண்டை பிடிக்கிறார்கள். பன்றித் தொட்டியில் கழுநீர் ஊற்றுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லையே எடுத்து 'ஆறு மணிக் கழுநீர்' என்று ஜனங்கள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

போலீஸ்காரர் என்ன செய்வார்? நான் ஏட்டையாவின் மகளல்லவா, எனக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது. பத்துக் கடைகள் உள்ள வட்டாரத்தில் பத்தும் வெவ்வேறு வேளையில் காலியாகுமானால் இரண்டு போலீஸ்காரர்கள் போதும். பத்தும் ஒரே நிமிஷத்தில் காலியானால் இருபது பேர் இருந்தாலும் போதாது. தொல்லையை நாள் முழுவதும் தூவி விட்டால் அது தூசி. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் குவித்தால் அதுவே மலை. அந்த மலையைக் கட்டியது குடிகாரன் மட்டுமல்ல. சட்டமும் அதற்குக் கல் சுமந்தது.

ஆறு மணிக்கு மேல் போலீஸுக்கு வேறு வேலை காத்திருந்தது. கதவு சாத்தியபின் பின்வாசல் வழியே விற்பனை. தெருக்கோடி வீடுகளில் திருட்டு விற்பனை. இந்தத் திருட்டுக் கடைகளுக்கு வெளியே காவலுக்கு நிற்கிறவனுக்கு 'காக்கட்டூ' என்று பெயர். காக்கட்டூ என்பது அந்நாட்டு வெள்ளைக் கிளி. கூட்டமாக மேயும்போது ஒரு கிளி மட்டும் மரத்தின் மேல் உட்கார்ந்து ஆள் வருகிறதா என்று பார்க்குமாம். ஸிட்னியின் ஸர்ரி ஹில்ஸ் பகுதியில் கேட் லீ என்ற ஸ்திரீ இந்த வியாபாரத்தில் மகாராணியாக விளங்கினாள். வைர மோதிரங்களும் மென்மயிர்ச் சால்வையுமாகக் கோர்ட்டுக்கு வருவாள். போலீஸாரால் எத்தனையோ முறை பிடிக்கப்பட்டும் அவள் வியாபாரம் நிற்கவில்லை. கடைசியில் அவளை 1954-ல் திவாலாக்கியது வருமான வரி இலாகா! எந்தச் சட்டம் அவளை வளர்த்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு மணிக்குக் கதவைச் சாத்தியவர்கள், ஏழு மணிக்கு அவள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். பணம் புழங்கும் இடத்தில் போலீஸ்காரனின் கையும் சில வேளை நீளத்தானே செய்யும்?

இப்படிப்பட்ட சட்டம் ஏன் உடனே போகவில்லை? ஜனங்களே அதை விடவில்லை. 1947-ல் நியூ சவுத் வேல்ஸில் மறுபடி வாக்கெடுத்தார்கள். ஆறு மணியே ஜெயித்தது. நியூஸிலாந்தில் 1949-லும், விக்டோரியாவில் 1956-லும் அதேதான். குடிக்காதவர்கள், 'ஆறு மணிக்கே இவ்வளவு கூத்து என்றால், பத்து மணி வரை விட்டால் என்ன ஆகும்?' என்று பயந்தார்கள். நோயின் உக்கிரத்தைப் பார்த்து, மருந்து இன்னும் வேண்டும் என்றார்கள். மருந்தேதான் நோய் என்பது வெகு காலம் விளங்கவில்லை.

1951-ல் நீதிபதி மாக்ஸ்வெல் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. மூன்று வருஷம் விசாரித்து, ஆறு மணிச் சட்டத்தால் விளையும் தீங்குகளை அது எடுத்துக் காட்டியது. 1954 நவம்பரில் மூன்றாம் தடவையாக வாக்கெடுப்பு. ஏறக்குறைய பதினெட்டு லட்சம் பேர் வாக்களித்தார்கள். பத்தாயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் பத்து மணி வென்றது! 1955 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து கடைகள் இரவு பத்து மணி வரை திறந்தன. ஆனாலும் சர்க்காருக்கு மனம் வரவில்லை. ஆறரை மணிக்கு ஒரு தடவை மூடி, ஏழரைக்கு மறுபடி திறக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கணவன்மார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்களாம். பலர் போகவில்லை. 1963-ல் அந்த இடைவேளையும் எடுபட்டது. விக்டோரியாவில் 1966-லும், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் 1967-லும் ஆறு மணிக்காலம் முடிவடைந்தது.

ஜான் பிராக் என்ற ஓவியர் 1954-ல் தீட்டிய மதுக்கடைப் படம் ஒன்று மெல்போர்ன் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேடைக்குப் பின்னால் கடைக்காரப் பெண் ஒருத்தி நிற்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னாலுள்ள கண்ணாடியில், பழுப்பு உடை அணிந்த ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது தெரிகிறது. யார் முகத்திலும் சந்தோஷமில்லை. குடிப்பது சந்தோஷத்துக்காக என்று சொல்கிறார்களே, அந்தச் சந்தோஷம் இந்த ஐம்பது நிமிஷத்தில் எங்கே போயிற்று என்று நான் வெகு நேரம் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, பத்து மணி ஆனதும் எல்லாம் சரியாகிவிட்டதா? அந்த அடிதடித் தள்ளுமுள்ளு குறைந்தது. பெஞ்சும் நாற்காலியும் திரும்பி வந்தன. ஆனால் மெல்போர்னில் 1966-க்குப் பின் தெரு விபத்துக் கணக்கை ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஆறு மணிக்குப் பின் உச்சத்தில் இருந்த விபத்துகள் இப்போது பத்து மணிக்குப் பின் உச்சத்தில் நின்றன. விபத்துகள் ஒழியவில்லை. கடிகார முள்ளோடு சேர்ந்து நகர்ந்திருந்தன. மனிதர்களிடம் கார் பெருகிவிட்ட காலம் அது. குடித்தவன் தள்ளாடிக்கொண்டு நடப்பதற்குப் பதிலாகத் தள்ளாடிக்கொண்டு ஓட்டினான். அதற்குச் சரியான வைத்தியம் பல வருஷம் கழித்தே வந்தது. 1982 டிசம்பர் 17-ஆம் தேதியிலிருந்து, நியூ சவுத் வேல்ஸில் எந்தச் சாலையில் எந்த வண்டியையும் நிறுத்தி ஓட்டுகிறவனை ஊதச் சொல்லிச் சோதிக்கலாம் என்று போலீஸாருக்கு அதிகாரம் கொடுத்தார்கள். சாலை மரணங்கள் சட்டென்று இறங்கின. கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பதை விட, கதவுக்கு வெளியே அவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்ப்பது பலன் தந்தது.

கடை மூடும் நேரத்தைக் கட்டுப்படுத்துவதே வீண் என்று நான் சொல்ல வந்ததாக எண்ணிவிடக் கூடாது. 2008-ல் நியூகாஸில் என்ற துறைமுக நகரில், விடியற்காலை ஐந்து மணி வரை நடந்த பதினான்கு கடைகளை மூன்றரை மணிக்கு மூடச் செய்தார்கள். ஒன்றரை மணிக்குமேல் புதிதாக யாரும் உள்ளே வரக் கூடாது என்றார்கள். அந்த வட்டாரத்தில் இரவு அடிதடிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. ஸிட்னியில் 2014-ல், ஒரே குத்தில் இளைஞர்கள் உயிரிழந்த துயரத்துக்குப் பிறகு, நகரத்தின் நடுவிலும் கிங்ஸ் கிராஸ் பகுதியிலும் அதே மாதிரி விதி செய்தார்கள். அங்கும் அடிதடி குறைந்தது. ஆனால் வியாபாரமும் பாட்டுக் கச்சேரிகளும் படுத்துவிட்டன என்று ஒரு கூக்குரல். தொல்லையில் ஒரு பகுதி பக்கத்துப் பேட்டைகளுக்கு நகர்ந்தது என்று ஒரு கணக்கு. நகரத்தின் நடுவில் 2020-லும், கிங்ஸ் கிராஸில் 2021-லும் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போய்விட்ட நடுநிசியில் கதவைச் சாத்துவது வேறு. வேலை விட்டு வந்தவன் மூக்குக்கு நேரே சாத்துவது வேறு.

ஒருவரை மட்டும் நாம் இன்னும் பார்க்கவில்லை. தெருவில் விழுந்து கிடப்பவன். அவனைப் போலீஸ்காரர் என்ன செய்தார்? தூக்கிக்கொண்டு போய் லாக்கப்பில் போட்டார். பொது இடத்தில் குடிபோதையில் இருப்பதே குற்றம். அந்தக் குற்றத்துக்கு அதிகமாகப் பிடிபட்டவர்கள் அந்த மண்ணின் பூர்வ குடிகள். கடைக்குள் அவர்களுக்கு விற்கக் கூடாதென்று வெகு காலம் சட்டம் இருந்தது. தெருவில் அவர்களைப் பிடிப்பதற்கும் சட்டம் இருந்தது. லாக்கப்புக்குள் போன பலர் உயிரோடு வெளியே வரவில்லை. காவலில் நேர்ந்த அந்த மரணங்களை விசாரிக்க 1987-ல் ஒரு கமிஷன் வைத்தார்கள். குடிபோதையைக் குற்றமாகக் கருதுவதை விட்டுவிடுங்கள் என்று 1991-ல் அது சொல்லிற்று. நியூ சவுத் வேல்ஸ் 1979-லேயே அதைச் செய்திருந்தது. விக்டோரியா செய்து முடித்தது 2023 நவம்பரில். முப்பத்திரண்டு வருஷம்!

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "கலையுங்க! வீட்டுக்குப் போங்க!"

ஒரு நாள் இரவு. எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா வந்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முகத்தில் களைப்பிருந்தாலும் ஒரு திருப்தி தெரிந்தது.

"இன்றைக்கு ஒரு கேஸ் கூட இல்லை. ஒரு கைகலப்பு இல்லை. பத்தே நிமிஷத்தில் தெருவைக் காலி பண்ணிவிட்டேன்" என்றார்.

அம்மா சோற்றைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கேட்டாள்: "எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள், சரி. அங்கே யார் காவல்?"

அப்பா பதில் சொல்லவில்லை. எங்களுக்கு அடுத்த தெருவில் நெசவு வேலை செய்கிற ஒருவர் குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மாள் காலையில் தண்ணீருக்கு வரும்போது சில நாள் முந்தானையை முகம் மறைய இழுத்து விட்டுக்கொண்டு வருவாள். ஏன் என்று குழாயடியில் யாரும் கேட்பதில்லை. எல்லாருக்கும் தெரியும். போலீஸ் டைரியில் அந்த இரவுகளுக்கெல்லாம் 'அமைதி' என்றுதான் எழுதியிருக்கும்.

ஸிட்னியின் பெண்கள் 1916-ல் கேட்டது, கணவன் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்பது. சட்டம் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது. அவன் ஆறரைக்கு வந்தான். எந்த நிலையில் வந்தான் என்பதைச் சட்டம் பார்க்கவில்லை. தெருவில் உடைந்த ஜன்னலுக்குக் கணக்கு இருந்தது. டிராமில் நடந்த சண்டைக்குக் கணக்கு இருந்தது. கதவுக்குப் பின்னால் நடந்ததற்கு அந்தக் காலத்தில் அங்கேயும் யாரும் கணக்கு வைக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு அப்பாவிடம் ஒரு சிறு மாறுதல் ஏற்பட்டது. கடை மூடிய பின் நேரே வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு நெசவாளர் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். அங்கே ஓரிரு வீடுகளின் முன்னால் இறங்கி, காரணமில்லாமல் மணியடிப்பார். "என்னப்பா, தூங்கியாச்சா?" என்று சத்தம் கொடுப்பார். உள்ளேயிருந்து, "ஆச்சுங்க ஏட்டையா" என்று பதில் வரும். அவ்வளவுதான். அது எந்த உத்தரவிலும் இல்லை, எந்த டைரியிலும் எழுதப்படவில்லை. அதனால் எல்லா வீட்டிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும்.

ஆனால் குழாயடியில் ஒரு காலை அந்த அம்மாள் என் தாயாரைப் பார்த்து, "நேத்து ராத்திரி மணிச் சத்தம் கேட்டுதுங்க" என்று சொன்னது எனக்கு ஞாபகமிருக்கிறது. அன்றைக்கு அவள் முந்தானை தோளில்தான் இருந்தது.